கழிவுநீரை எரிக்கும் ஆலையிடம் என்ன கேட்க வேண்டும்?

தண்ணீரைப் போய் யாராவது எரிப்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள். எரிப்பார்கள். பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள் ஆலைகளின் சில கழிவுநீரில், அழுக்கைத் தின்று சுத்தம் செய்யும் பாக்டீரியாவை விட்டால் அதுவே செத்துப்போகும். அந்த நீரைப் பொடித்துளிகளாக உலைக்குள் பீய்ச்சி அழிக்கிறார்கள். குளோரின் போன்றவை சேர்ந்த கரிமப் பொருள் 1 சதவீதத்தைத் தாண்டினால், எரியும்போது வரும் வாயு 1,100 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 நொடி இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றிய விதி. மற்றவற்றுக்கு 850 டிகிரி. ஒழுங்காகச் செய்தால் நல்ல முறைதான்.

ஆனால் எதை எரிக்கிறோம்? ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியை 1,100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 5 மெகாஜூல் வேண்டும். ஒரு கிலோ டீசல் தருவது சுமார் 43. ஆக, ஆயிரம் லிட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் டீசல் வெறும் தண்ணீரைச் சூடாக்கவே போய்விடும். காற்றைச் சூடாக்குவது தனிக் கணக்கு. தரை கழுவிய நீரையும் நச்சுநீரையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டு "எல்லாவற்றையும் எரிக்கிறோம்" என்று பெருமைப்படுவது எனக்குப் புரியவே இல்லை. பிறக்கும் இடத்திலேயே பிரித்து, எவாப்பரேட்டரில் சுண்டவைத்து, கெட்டியானதை மட்டும் உலைக்கு அனுப்பலாமே! கரிமச்சத்து போதுமான அளவு இருந்தால் அது பாதி தானாகவே எரியும்.

அப்புறம், நெருப்பால் ஆகாத வேலைகளும் உண்டு. சாதாரண உப்பு 801 டிகிரியில் உருகி உலைச் செங்கலை அரிக்கும். பாதரசம் அழியாது, ஆவியாகிப் புகையோடு கிளம்பும். குளோரின் அமில வாயுவாக மாறும். அதைப் புகையைக் கழுவும் ஸ்கிரப்பரில் காஸ்டிக் சோடா கரைசலால் பிடித்தால், அங்கே மறுபடி உப்புத் தண்ணீர்! அதற்கும் ஒரு வழி வேண்டும்.

குளோரின் சேர்ந்தவை எரியும்போது பிறக்கும் டயாக்சின் என்ற நச்சு இன்னும் பொல்லாதது. உலையில் சிதைந்தாலும், புகை 450 டிகிரியிலிருந்து 200 வரை மெல்ல ஆறினால் திரும்பவும் உருவாகும். அதனால்தான் சட்டென்று நீர் தெளித்துக் குளிரவைக்கிறார்கள். வெப்பத்தை மிச்சம் பிடிக்க, புகையை மெல்ல ஆறவிடும் பாய்லர் வைப்பவர்கள் கோட்டை விடுவதும் இந்த இடத்தில்தான்.

புகைபோக்கியில் புகை தெரியவில்லை என்று காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். டயாக்சினுக்கு ஐரோப்பிய வரம்பு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம், அது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? சூடு குறைந்தாலோ, அரைகுறையாக எரிவதைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு ஏறினாலோ கழிவுநீர் வரத்து தானாக நிற்கிறதா, போன மாதம் எத்தனை முறை நின்றது, அந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்று கேளுங்கள். அந்தத் தானியங்கி நிறுத்தத்தை பைபாஸ் செய்யும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.