வியர்த்தால்தான் விளையாட்டா?

அந்தப் பதிவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். அதற்கு இன்னும் நாலு லைக் விழுவதில் எனக்கு விருப்பமில்லை.

அம்மா டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, வீடியோ கேமில் பவுலிங் (பந்தை உருட்டி, ‘பின்’ எனப்படும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) விளையாடும் வீடியோவை நான் குடும்ப குரூப்பில் போட்டது, சொந்தக்காரர்கள் பார்த்து சந்தோஷப்படட்டும் என்றுதான். அதை அங்கிருந்து எடுத்து, “சோம்பேறிகளின் ஒலிம்பிக்ஸ்” என்று தலைப்புக் கொடுத்து, பின்னணியில் கேலி இசையும் சேர்த்து, முகம் தெரியாதவர்களெல்லாம் சிரிக்கும்படி பொதுவில் போடுவது எந்த ஊர் நியாயம்? போட்டவர் அம்மாவை ‘அத்தை’ என்று கூப்பிடுகிறவர். அவர் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஃபோன் செய்து கேட்டேன். “அத்தையை நான் ஒண்ணும் சொல்லலையே, அந்த கேமைத்தானே சொன்னேன். ரிமோட்டை ஆட்டுறதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்றார்.

சரி, கேமைப் பற்றியே பேசுவோம். ஆமாம், அது விளையாட்டுதான். கண் ஒரு இலக்கைப் பார்க்கிறது, கை அதற்கேற்ப அசைகிறது, ஒரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ தப்பாகிறது, தப்பானதை அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம், பக்கத்தில் ஜெயிக்கத் துடிக்கும் ஒருவர் இருக்கிறார். இதற்கு மேல் விளையாட்டுக்கு என்ன வேண்டும்?

எங்கள் வீட்டில் இருப்பது பழைய வீ கன்சோல், அதாவது டிவியோடு இணைத்து, ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி ஆடும் நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் கருவி. அம்மா ஆடுவது அதில் வரும் வீ ஸ்போர்ட்ஸ் என்ற கேம். அதில் பவுலிங் எப்படி என்று தெரியாமலேயே பலர் கருத்துச் சொல்கிறார்கள், அதனால் சொல்கிறேன். ரிமோட்டின் அடிப்பக்கம் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையைப் பின்னால் கொண்டு போக வேண்டும். முன்னால் வீசி வரும்போது சரியான இடத்தில் விரலை எடுக்க வேண்டும். கை பின்னால் இருக்கும்போதே விரலை எடுத்துவிட்டால் பந்து பின்பக்கம் விழும், அங்கே நிற்கும் பொம்மை ஆட்கள் துள்ளிக் குதிப்பார்கள். விடும் நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பினால் பந்து வளைந்து போகும். நேராக நடு பின்னைக் குறி வைப்பதுதான் புதிதாக விளையாடுகிறவர்கள் எல்லாரும் செய்வது. அப்படி அடித்தால் பல நேரம் இரண்டு ஓரத்திலும் பின்கள் பிரிந்து நின்றுவிடும், அடுத்த பந்தில் இரண்டையும் சாய்ப்பது பெரும்பாடு. முதல் பின்னுக்கும் அதன் பின்னால் பக்கவாட்டில் நிற்கும் பின்னுக்கும் நடுவே பந்து நுழைய வேண்டும். நிஜ பவுலிங் ஆடுகிறவர்களும் அந்த இடைவெளியைத்தான் குறி வைக்கிறார்கள்.

அம்மா இதை யாரும் சொல்லாமலேயே கண்டுபிடித்தாள். முதலில் நேராகவே விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு நாள் திரையில் இருக்கும் தன் பொம்மையை ஓரடி வலது பக்கம் நகர்த்தி வைத்தாள். பந்து விடும்போது உள்ளங்கையை லேசாக இடது பக்கம் திருப்பினாள். பந்து ஓரமாகப் போய், கடைசியில் வளைந்து, அந்த இடைவெளியில் நுழைந்து பத்தையும் சாய்த்தது. “நேரா போனா நிக்குது, வளைஞ்சு போனா விழுது” என்றாள். அதே ஆட்டத்தை மறுபடி மறுபடி ஆடி, கையின் திருப்பத்தை எவ்வளவு குறைக்கலாம், எவ்வளவு கூட்டலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த கேமில் திறன் புள்ளி 1000-ஐத் தாண்டினால் ‘ப்ரோ’ பட்டம் தருவார்கள். அம்மா தாண்டிவிட்டாள். அந்தப் பதிவைப் போட்டவர் வீட்டில் யாரும் தாண்டவில்லை. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் சோம்பேறி என்ற சொல்லைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, கையில் ஊன்றுகோல் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். நிஜ பவுலிங் பந்து 7 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வீச அம்மாவால் முடியாது. பந்தின் கனத்தை எடுத்துவிட்டு, ஓட்டத்தையும் எடுத்துவிட்டு, கணிப்பையும் கையையும் மட்டும் மிச்சம் வைத்துக் கொடுத்திருக்கிறது இந்தக் கருவி. மிச்சம் இருப்பதை வைத்து ஒருத்தி ஆடுகிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அந்தப் பதிவின் கீழே நிறைய இருந்தன.

“சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டினாலே டென்னிஸில் ஜெயித்துவிடலாமே?” ஜெயிக்கலாம், மறுக்கவில்லை. 2006-இல் வந்த வீ ரிமோட்டுக்குள் இருந்தது முடுக்கத்தை அளக்கும் சென்சார். நீங்கள் கையை முழுவதும் வீசினீர்களா, சுண்டினீர்களா என்பதை அது முழுதாகப் பிரித்தறியாது. அதனால்தான் 2009-இல், திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப் வைத்த மோஷன் பிளஸ் என்ற இணைப்புக் கருவி வந்தது, கை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பது அதற்குப் பிறகுதான் ஓரளவு துல்லியமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சுண்டி ஜெயிக்கிறவரை வைத்து, எழுந்து நின்று முழுக் கையையும் வீசி ஆடுகிறவரை எடை போடுவது எப்படிச் சரியாகும்? அந்த டென்னிஸில் ஆள் தானாகவே ஓடிப் போய் நிற்கும், உங்கள் வேலை அடிக்கும் நேரத்தைப் பிடிப்பது மட்டும்தான். கொஞ்சம் முந்தி அடித்தால் பந்து ஒரு பக்கம் போகும், பிந்தி அடித்தால் மறுபக்கம். அந்த நேரத்தைப் பிடிப்பது சுண்டுகிறவருக்கும் சுலபமில்லை. விளையாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“நிஜ விளையாட்டு தரும் உடற்பயிற்சியை இது தருமா?” தராது. தரும் என்று நான் எங்கே சொன்னேன்? 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 13 முதல் 15 வயதுள்ள 11 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. உட்கார்ந்து ஆடும் வீடியோ கேமைவிட வீ ஸ்போர்ட்ஸ் ஆடும்போது உடல் கூடுதல் ஆற்றலைச் செலவழிக்கிறது, ஆனால் அந்த விளையாட்டுகளை நிஜமாக ஆடுவதற்கு ஈடாகாது என்றார்கள். இந்த ஆய்வை ஒருவர் எனக்கே அனுப்பி, “பாருங்கள், ஈடாகாது என்று போட்டிருக்கிறது” என்கிறார். முதல் பாதியையும் படியுங்கள் ஐயா. அம்மாவின் முன்னால் மைதானமா டிவியா என்ற கேள்வியே கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பதா, கையை வீசி ஆடுவதா என்பதுதான் அவளுக்கு இருக்கும் கேள்வி. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது மேல்.

இன்னொருவர் தோள் வலி வரும் என்று எச்சரிக்கிறார். உண்மைதான், வரும். 2007-இலேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு மருத்துவர், வீ டென்னிஸ் அளவுக்கு மீறி ஆடியதால் தோள் தசைநாரில் வந்த வலியைப் பற்றிக் கடிதம் எழுதி, அதற்கு வீயிடிஸ் என்று ஒரு பெயரும் வைத்தார். ஆனால் ஒரே பதிவின் கீழே ஒருவர் ‘உடம்பே அசையாது’ என்கிறார், அடுத்தவர் ‘தோள் கழன்றுவிடும்’ என்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்கிறார்கள். அசையாத உடம்பில் தோள் எப்படி வலிக்கும்? முதலில் உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

வீசும் வேகத்துக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. வீ வெளிவந்த புதிதில் ரிமோட் கையிலிருந்து பறந்து டிவியில் மோதிய கதைகள் வந்துகொண்டே இருந்தன. மணிக்கட்டில் மாட்டும் கயிறு அறுந்துபோகிறது என்று, 2006 டிசம்பரிலேயே நின்டெண்டோ தடிமனான கயிறாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. சுமார் 32 லட்சம் கயிறுகள். சோம்பேறிகள் வீசியா கயிறு அறுந்தது?

“பிள்ளைகள் வெளியே போய் விளையாடட்டும்” என்கிறார்கள். போகட்டும். யார் வேண்டாம் என்றது? என் மகன் வெளியேயும் ஆடுகிறான், மாலையில் பாட்டியோடும் ஆடுகிறான். அறுபது வயது வித்தியாசம் உள்ள இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல், சமமாக ஆடக்கூடிய வேறு விளையாட்டு ஒன்றைச் சொல்லுங்கள். அவன் பாட்டிக்காகத் தோற்பதில்லை. முழு மூச்சாக ஆடித்தான் தோற்கிறான்.

ஒலிம்பிக்ஸ் என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் சிங்கப்பூரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே நடத்திய இ-ஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம்) போட்டிகளில் மெய்நிகர் டேக்வாண்டோவும் ஒன்று. உடம்பில் சென்சார்களைக் கட்டிக்கொண்டு, தொடாமலேயே, திரையில் இருக்கும் உருவத்தின் மூலம் மோதினார்கள். உண்மையான ஒலிம்பிக்ஸை நடத்துகிறவர்களுக்கே இதைப் பார்த்து இளக்காரம் வரவில்லை. துப்பாக்கி சுடுதல் 1896 ஒலிம்பிக்ஸிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் அசையாமல் நிற்பதுதான் திறமை. அங்கே யாரும் போய் வியர்வையை அளப்பதில்லை.

நேரத்தை வீணாக்குவது, கண் கெடுவது என்று வந்த மற்றவற்றுக்கெல்லாம் நான் பதில் எழுதப் போவதில்லை. அதை எழுதியவர்கள் மணிக்கணக்கில் திரையைத் தள்ளிக்கொண்டே அதை எழுதியிருக்கிறார்கள்.

“ஒரு ஜாலிக்குப் போட்டதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” இதுதான் எனக்கு அதிகம் வலித்த கேள்வி. ஜாலி யாருக்கு? அம்மா அந்தப் பதிவைப் பார்த்துவிட்டாள். யாரோ அவளுக்கே அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் கோபப்படவில்லை, அழவும் இல்லை. “நான் அப்படியா இருக்கேன் பார்க்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் பேரன் கூப்பிட்டபோது கை வலிக்கிறது என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். அவளுக்குக் கை வலி கிடையாது.

அவள் எப்படி இருந்தாள் என்று நான் சொல்கிறேன். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்து வளையும் பக்கம் தானும் சாய்ந்துகொண்டு, கடைசிப் பின் ஆடி ஆடி நிற்கும்போது “விழு, விழு” என்று அதட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு வயதான பெண்ணின் உடம்பு அப்படித் தன்னை மறந்து ஆடுவதைப் பார்க்க நமக்குப் பழக்கமில்லை. கேலி அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்திருந்தால் யாராவது சோம்பேறி என்று தலைப்பு வைத்திருப்பார்களா? வைத்திருக்க மாட்டார்கள். சும்மா இருந்தால் கௌரவம், கை வீசினால் கோமாளித்தனம்.

அம்மா சின்ன வயதில் நன்றாக ஓடுவாள் என்று என் மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்புறம் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. கல்யாணம், பிள்ளைகள், வேலை, மாமியார் மாமனாருக்குச் செய்தது என்று போன இத்தனை வருஷத்தில், வா விளையாடலாம் என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. பேரன்தான் கூப்பிட்டான். ரிமோட்டைக் கையில் கொடுத்துக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிவிட்டான். அம்மாவுக்கு விளையாட்டு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. அதை ஒரு வரித் தலைப்பில் பிடுங்கிக்கொள்ள இவர் யார்?

வீ ஸ்போர்ட்ஸ் எட்டுக் கோடி பிரதிகளுக்கு மேல் போனது. கன்சோலோடு சேர்த்துப் பெரும்பாலான நாடுகளில் இலவசமாகத்தான் கொடுத்தார்கள், அது எனக்கும் தெரியும், அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். ஆனால் பல நாடுகளில் முதியோர் இல்லங்கள் வரை அந்த பவுலிங் போய்ச் சேர்ந்ததற்கு இலவசம் காரணமில்லை. பட்டன்களைப் பார்த்து பயந்தவர்களுக்கும் கை வீசத் தெரியும், அதுதான் காரணம். நின்டெண்டோவின் பிந்தைய கன்சோலான ஸ்விட்சுக்கு வந்த ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸிலும் அதே பவுலிங்கும் டென்னிஸும் இருக்கின்றன.

இன்பாக்ஸில் சிலர் நல்ல மனதோடு கேட்டிருக்கிறீர்கள், வீட்டில் இருக்கும் பெரியவருக்கு இந்த மாதிரி கேம் கருவி வாங்கலாமா என்று. வாங்குங்கள். உட்கார்ந்து ஆடுவதற்கு பவுலிங்தான் முதல் தேர்வு, அப்புறம் கோல்ஃப். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியாகப் பாருங்கள், கை பின்னால் போக இடம் வேண்டும். டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கை வீசியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் விழும், அவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். அறுவை சிகிச்சை ஆனவர் என்றால் எவ்வளவு நேரம் ஆடலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாக்ஸிங் பக்கம் முதல் வாரத்தில் போகவே வேண்டாம், தோள் தாங்காது.