ஊரிலிருந்து வருபவர்களை சுங்கை புலோவுக்கும் கூட்டிப் போங்கள்

டிசம்பர் விடுமுறை வந்தால் ஊரிலிருந்து சிங்கப்பூருக்குச் சொந்தக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். அவர்களுக்காக நம் வீடுகளில் போடும் பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மரினா பே, கரையோரப் பூந்தோட்டம், செந்தோசா, முஸ்தஃபா கடை. எல்லாம் நல்ல இடங்கள், சரி. ஆனால் இவற்றை மட்டும் காட்டிவிட்டு விமானம் ஏற்றி அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒரு காலைப் பொழுதை சுங்கை புலோ சதுப்புநிலக் காட்டுக்கு ஒதுக்குங்கள். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து பிடித்தால் போதும். கட்டணம் கிடையாது. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அலையாத்திக் காடு புதிதில்லைதான். ஆனால் நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து உயரமான கட்டடங்கள் நிற்க, இந்தப் பக்கம் சேற்றில் உடும்பு சாவகாசமாக நடந்து போவதை வேறெங்கே பார்ப்பார்கள்? முதலைகூட உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை உள்ளான் வகைப் பறவைகள் வடக்கே சைபீரியா வரையிலிருந்து வருகின்றன. கோடியக்கரைக்கு வரும் இனங்கள் சில இங்கேயும் உண்டு. கடல் வற்றும்போது அவை வெளியே சேற்றுத் திட்டுகளில் சிதறி இரை தேடும். கடல் ஏறி அந்தத் திட்டுகள் மூழ்கியதும் உள்ளே இருக்கும் குளங்களுக்குக் கூட்டமாக வந்து ஒதுங்கும். அதனால் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனவர்கள்தான் "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறார்கள்.

நிலத்துக்கு இவ்வளவு விலை இருக்கும் ஊர் இது. 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் இந்த இடத்தை விட்டுவைக்கும்படி அரசிடம் கேட்டார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்தது, 2002இல் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. வானுயரக் கட்டடங்களைவிட இதைத்தான் நான் பெருமையாகக் காட்டுவேன்.

அவ்வளவு தூரம் போக முடியாத பெரியவர்களுக்கு பீஷான்-அங் மோ கியோ பூங்கா போதும். காங்கிரீட் கால்வாயாக நேராக ஓடிய காலாங் ஆற்றை 2012இல் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பத்தையே பார்க்கலாம். அப்புறம், 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன பழைய பாதை. 24 கிலோமீட்டரையும் நடக்க வேண்டாம், புக்கிட் தீமா பழைய ஸ்டேஷன் பக்கம் கொஞ்ச தூரம் போதும். மலாயா ரயில்வேயில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அந்தக் கதையை அங்கே நடந்துகொண்டே சொல்லுங்கள்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குப் போனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குரங்குக்குப் பழம் கொடுப்பது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். உணவு கொடுத்துப் பழக்கினால் அவை சாலையோரம் வந்து வண்டியில் அடிபடுகின்றன. சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வைத்து மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.