ஒப்பேற்றுகிற இடத்தைப் பாருங்கள்

"பிசினஸ் ஆரம்பிக்கணும், நல்ல ஐடியா ஒண்ணு சொல்லுங்க" என்று மாதத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் வந்து கேட்கிறார்கள். இருந்தால் நானே ஆரம்பித்திருக்க மாட்டேனா என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் போன வாரம் ஒரு தம்பி விடுவதாக இல்லை. "ஐடியா வேண்டாம்ணே, அது எங்கிருந்து வருதுன்னாவது சொல்லுங்க" என்றான். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. இங்கேயே போடுகிறேன்.

மோட்டுவளையைப் பார்த்து யோசித்து எனக்கு உருப்படியாக எதுவும் கிடைத்ததில்லை. ஜனங்கள் எங்கே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்களோ, அங்கே போய் நின்றபோதுதான் ஏதாவது கிடைத்திருக்கிறது. சரியான சாமான் இல்லை, ஆனால் வேலை நடந்தாக வேண்டும். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். மேசை ஆடாமலிருக்கக் காலடியில் மடித்துச் செருகிய அட்டை, ரப்பர் பேண்ட் சுற்றிய ரிமோட் மாதிரி.

1950களில் டல்லஸில் ஒரு வங்கியில் செகரட்டரியாக இருந்தவர் பெட் நெஸ்மித் கிரஹாம். அப்போது அலுவலகங்களில் பரவத் தொடங்கியிருந்த எலெக்ட்ரிக் டைப்ரைட்டரில் ஒரு சங்கடம். அடித்ததில் தப்பு வந்து ரப்பரால் அழித்தால், ரிப்பன் மை தாள் முழுக்க இழுவிவிடும். ஓவியர்கள் பிழையை அழிப்பதில்லை, மேலேயே இன்னொரு பூச்சு கொடுத்துவிடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரு சின்ன பாட்டிலில் வெள்ளைப் பெயின்ட், கூடவே ஒரு தூரிகை. அவ்வளவுதான். கூட வேலை செய்தவர்கள் "எனக்கும் ஒரு பாட்டில்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1956இல் 'மிஸ்டேக் அவுட்' என்று பெயர் வைத்து விற்றார். பிறகு அது 'லிக்விட் பேப்பர்' ஆனது. 1979இல் ஜில்லெட் நிறுவனம் 4.75 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. (அவர் மகன் மைக்கேல் நெஸ்மித் 'தி மங்கீஸ்' இசைக்குழுவில் பாடிப் புகழ் பெற்றவர். ஆரம்ப நாட்களில் பாட்டில் நிரப்பும் வேலையில் அவரும் கை கொடுத்திருக்கிறார்.)

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது கடைசித் தொகை அல்ல, பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டார்களே, அந்த இடம். பொருளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வாங்க ஆள் வந்துவிட்டது.

இன்னொன்று 1989. டெக்சாஸில் கொளுத்தும் வெயிலில் 100 மைல் சைக்கிள் பந்தயம். அதில் கலந்துகொண்ட மைக்கேல் எய்ட்சன் அவசர மருத்துவ ஊழியர். டிரிப்ஸ் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் திணித்து, முதுகில் பொருத்திக்கொண்டு, குழாயைத் தோள் வழியாக வாய்ப்பக்கம் விட்டார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை விற்கும் 'கேமல்பேக்' நிறுவனம் அங்கேதான் பிறந்தது.

ட்விட்டரையும் (இப்போது எக்ஸ்) பாருங்கள். தலைப்பைக் குறிக்கும் ஹேஷ்டேகும், அடுத்தவர் பதிவைப் பகிரும் ரீட்வீட்டும் நிறுவனத்தின் மூளையில் உதித்தவை அல்ல. ஒரு பயனர் 2007இல் முன்மொழிந்ததுதான் ஹேஷ்டேக். ரீட்வீட்டுக்குப் பொத்தான் இல்லாத காலத்தில் ஜனங்களே 'ஆர்டி' என்று தட்டச்சு செய்து காலம் தள்ளினார்கள். 2009இல்தான் நிறுவனம் பொத்தான் வைத்தது. பயனர்கள் வரைந்து கொடுத்த கோட்டின்மேல் ரோடு போட்டார்கள், அவ்வளவே.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நான் ஒரு தடவை போய் முட்டிக்கொண்டேன். வீட்டுச் சாமான்களுக்கு வாரண்டி எப்போது முடிகிறது என்று நினைவூட்டும் ஆப். சொன்னவர்களிடமெல்லாம் "சூப்பர் ஐடியா" என்று பாராட்டு. ஏழு மாத உழைப்பு. டவுன்லோட் செய்தவர்கள் 60 சொச்சம் பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது: "சூப்பர்" சொன்ன ஒருவர்கூட அதுவரை வாரண்டி தேதியை ஒரு டைரியிலாவது குறித்து வைத்தவர் இல்லை. ஒப்பேற்றக்கூட யாரும் மெனக்கெடவில்லை. பிரச்சினை இருந்தது, வலி இல்லை.

அதனால் இப்போதெல்லாம் "இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களா?" என்று யாரிடமும் கேட்பதில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. "போன தடவை இந்த வேலையை எப்படி முடிச்சீங்க, கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்கிறேன். சொல்லச் சொன்னால் மனிதர்கள் அழகாகச் சொல்வார்கள். காட்டச் சொன்னால்தான் அந்த ஒட்டுப்போட்ட நோட்டுப்புத்தகம் வெளியே வரும். அலுவலகங்களில் அதன் பெயர் எக்செல். மூன்று பேர் கை மாறும் ஷீட், எந்தக் கலருக்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கு மட்டும் தெரியும், அவர் லீவு போட்டால் வேலை நின்றுவிடும், ஃபைல் பெயர் 'ஃபைனல் நியூ 2'. இப்படி ஒன்றைப் பார்த்தால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அப்புறம் இந்த 'பிரெயின்ஸ்டார்மிங்', அதாவது எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசனை சொல்வது. ஒயிட்போர்டு, கலர் கலராகக் காகிதம், "எந்த ஐடியாவும் தப்பில்லை" என்ற அறிவிப்பு. அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் பரப்பிய முறை இது. 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நான்கு பேர் கூடி உட்கார்ந்து சொன்னதைவிட, நான்கு பேர் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் வந்தன. ஒரு முக்கியமான காரணத்தை 1987இல் டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் வந்த யோசனை போய்விடும். நான் இருந்த மீட்டிங்குகளில் இன்னொன்றும் நடக்கும். மேனேஜர் முதலில் வாயைத் திறப்பார், அதன்பிறகு அறையில் உள்ள எல்லா யோசனைக்கும் அவர் ஜாடை வந்துவிடும். கூடித்தான் ஆக வேண்டுமென்றால், முதல் 15 நிமிடம் அவரவர் தனியாக எழுதட்டும். கூடிப் பேசுவது வடிகட்டத்தான் நல்லது.

"கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு என்ன சொன்னார் தெரியுமா, ஜனங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் வேகமான குதிரைதான் கேட்டிருப்பார்கள்" என்று கமெண்டில் ஒருவர் நிச்சயம் வருவார். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பகமான ஆதாரமே கிடையாது, முதலில் அதை விடுங்கள். நான் ஜனங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கச் சொல்லவில்லை. என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஆனாலும் அந்தக் கமெண்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. சில சமயம் விடை முதலில் வந்துவிடும், கேள்வி பிறகு வரும். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் ஒரு பசை கண்டுபிடித்தார். சரியாக ஒட்டாத பசை. அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தார். 1974இல்தான் ஆர்ட் ஃப்ரை மாட்டினார். தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்குத் துண்டுக் காகிதம் செருகி வைத்து, அது ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்து அல்லாடிக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பசை தடவிய, ஒட்டிப் பிய்த்து எடுக்கக்கூடிய குறிப்புக் காகிதமான 'போஸ்ட் இட்' அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980இல். பசை ஆறு வருடம் சும்மா கிடந்தது, ஒப்பேற்றிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணில் படும் வரை. சரி, இதையும் என் கட்சியிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் தீர்வோடு கதை முடிந்துவிடுவதும் இல்லை. சூட்கேசுக்குச் சக்கரம் வைத்து 1972இல் காப்புரிமை வாங்கினார் பெர்னார்ட் சாடோ. நான்கு சக்கரம், வாரைப் பிடித்து இழுக்க வேண்டும், திரும்பினால் பெட்டி சாயும். இழுப்பவர் அதையும் ஒரு மாதிரி சமாளித்துக்கொண்டே நடந்தார். ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987இல் பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளக் கைப்பிடியும் வைத்தார். முதலில் வாங்கியவர்கள் அவரோடு பறந்த விமானப் பணியாளர்கள். அவர்கள் இழுத்துப் போவதைப் பார்த்துத்தான் பயணிகளுக்கு ஆசை வந்தது. நடுவில் 15 வருடம், அந்த வாரைப் பிடித்து இழுத்த அத்தனை பேரும் பார்த்தும் பார்க்காத விஷயம்.

பழகிப்போவதுதான் இதில் பெரிய சிக்கல். ஒப்பேற்றுகிறவருக்குத் தான் ஒப்பேற்றுவது தெரியாது. அந்தத் தம்பியிடம் "உன் வேலையிடத்தில் எதை இப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறான். "அப்படி எதுவும் இல்லையேண்ணே" என்றான். சும்மா மேசையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். வந்தது. மெஷினின் ஆஃப் ஸ்விட்ச் மேல், பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கவிழ்த்து டேப் போட்டு ஒட்டியிருந்தது. யார் முழங்கையும் தட்டிவிடாமல் இருக்கவாம்.

"இதுவாண்ணே? இது நான் சேர்றதுக்கு முன்னாடியிலிருந்தே இருக்கு."

அதே மெஷின் இருக்கும் வேறு நான்கு லேபுகளில் ஸ்விட்ச் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.