முதல் கர்ப்பிணி லூசி அல்ல

'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரின் நாயகி லூசில் பால்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கர்ப்பிணியாகத் தோன்றிய முதல் நடிகை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியல்ல. 1948-லேயே 'மேரி கே அண்டு ஜானி' தொடரில் மேரி கே ஸ்டெர்ன்ஸின் உண்மையான கர்ப்பத்தைக் கதையில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தொடரின் பதிவுகள் அநேகமாக அழிந்துபோனதால் பெருமை இடம் மாறிவிட்டது, பாவம்.

லூசியின் கதை வேறு வகையில் சுவாரசியமானது. 'ஐ லவ் லூசி'யில் அவர் பிள்ளை பெறும் பகுதி 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. அதே நாளில் நிஜமாகவே அவருக்குச் சிசேரியனில் மகன் பிறந்தான்! பகுதியை இரண்டு மாதங்களுக்கு முன்பே படமாக்கி வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் 'கர்ப்பிணி' என்ற சொல்லையே தொடரில் உச்சரிக்கக் கூடாது என்று அதை ஒளிபரப்பிய சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் தடுத்திருந்தது.

லூசி தன் கணவர் டெசி ஆர்னாஸின் 'நிழலில் வளர்ந்தவர்' என்று சொல்வதும் பொருந்தாது. 1933 முதலே திரைப்படங்களில் நடித்தவர் அவர். தொடர் தொடங்கும்போது வயது 40. விவாகரத்துக்குப் பின், 1962-ல், இருவருக்கும் சொந்தமாக இருந்த டெசிலு ஸ்டூடியோவில் ஆர்னாஸின் பங்கை விலைக்கு வாங்கி அதைத் தானே நடத்தினார். 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் அங்கேதான் உருவானது.