அந்தத் தடம் கைவிடப்பட்டதல்ல

குளிர்கால ஒலிம்பிக்ஸ் வரும்போதெல்லாம் ஒரு படம் சுற்றுக்கு வந்துவிடும். காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் கான்கிரீட் தடம், மேலெல்லாம் பாசி, சுவர் முழுக்கக் கிறுக்கல். "ஒலிம்பிக்ஸ் நடத்தி வீணாய்ப்போன காசு" என்று கூடவே ஒரு வரி. போன தடவை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே வந்தது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

அது சரயேவோ, அன்றைய யூகோஸ்லாவியாவில் போஸ்னியாவின் தலைநகரம். 1984 குளிர்கால ஒலிம்பிக்ஸில், பனித் தடத்தில் சறுக்கி ஓடும் பாப்ஸ்லெட் வண்டிகள் சீறிப் பாய்ந்த ட்ரெபெவிச் மலைத் தடம். போட்டி முடிந்ததும் யாரும் அதைப் போட்டுவிட்டுப் போய்விடவில்லை. யூகோஸ்லாவியா உடையும்வரை உலகக் கோப்பைப் பந்தயங்கள் அங்கே நடந்தன. 1992இல் நகரை முற்றுகையிட்ட போஸ்னிய செர்பியப் படை அதைப் பீரங்கி நிலையாக்கிக்கொண்டது. கவனிக்க ஆளில்லாமல் பாழாவதும் போரில் பாழாக்கப்படுவதும் ஒன்றா?

1984இல் ஒலிம்பிக்ஸ் நடந்த அந்தப் பன்னிரண்டு நாளை அந்த ஊர் எப்படி நடத்தியது என்று தெரிந்தால் இப்படி எழுத மனசு வராது. சோஷலிச நாடொன்றில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் அது. 49 நாடுகள் வந்தன. ப்யெலாஷ்னித்சா மலையில் ஆண்கள் டவுன்ஹில் பனிச்சறுக்குக்கு 800 மீட்டர் இறக்கம் வேண்டும். சில மீட்டர் குறைந்தது. உச்சியில் ஓர் உணவகத்தைக் கட்டி, அதற்குள்ளிருந்தே வீரர்களைக் கிளம்ப வைத்தார்கள்! முதலில் பனியே போதாது என்று கவலை. தொடங்கியதும் புயலடித்துக் கொட்டித் தீர்த்தது. டவுன்ஹில் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு தெருவில் இறங்கிப் பனியை அள்ளினார்கள்.

கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்கில் யூரே ஃப்ராங்கோ வெள்ளி வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவின் முதல் பதக்கம். 'புரெக்' என்பது அங்கே எல்லாரும் உயிராய் நினைக்கிற, கறி வைத்த சுருள் பலகாரம். "புரெக்கைவிட எங்களுக்கு யூரெக்தான் பிடிக்கும்" என்று யூரேயின் பெயரை 'யூரெக்' ஆக்கி எதுகையோடு கோஷம் கட்டிவிட்டார்கள். அவர் ஸ்லோவேனியர், கொண்டாடியது போஸ்னியாவின் தலைநகரம். அன்று அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14. சரயேவோவின் ஸேத்ரா பனி அரங்கம். பிரிட்டனின் பனி நடன ஜோடி ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன். 'பொலேரோ' இசையை எவ்வளவு சுருக்கியும் அனுமதித்த நேரத்தைவிடச் சில விநாடி நீண்டது. சறுக்குக் கத்தி பனியைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடும் என்பது விதி. அதனால் இருவரும் மண்டியிட்டபடியே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் முழு 6.0 கொடுத்தார்கள். அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அதே ஸேத்ராவை 1992 மே மாதம் குண்டு வீசி எரித்தார்கள். மிச்சமிருந்த மர இருக்கைகளைப் பெயர்த்துச் சவப்பெட்டி செய்தார்கள். ஒலிம்பிக் வளாகத்தின் திறந்தவெளி மயானமானது. 1,425 நாள் நீடித்த முற்றுகையில் செத்தவர்களின் நினைவாக 2012இல் நகரின் பிரதான தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டார்கள். பிள்ளைகளுக்காகப் போட்டவை சின்ன நாற்காலிகள். அந்தப் படத்தை எந்தக் குழுவிலும் யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

1994 பிப்ரவரி 5, சரயேவோவின் மார்க்கலே சந்தையில் ஒரு குண்டு விழுந்து 68 பேர் செத்தார்கள். ஒரு வாரம் கழித்து நார்வேயின் லில்லஹாமரில் அந்த ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடங்கியது. சரயேவோவில் தங்கம் வென்றிருந்த ஜெர்மன் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கடரீனா விட், அந்த நகரத்துக்காகவே அங்கே ஒரு சமாதானப் பாட்டுக்கு ஆடினார். போஸ்னியாவின் நால்வர் பாப்ஸ்லெட் வண்டியில் இரண்டு போஸ்னியாக்குகள் (போஸ்னிய முஸ்லிம்கள்), ஒரு குரோட், ஒரு செர்ப்: போரில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற இனங்கள். ஊரில் சண்டை ஓய்ந்தபாடில்லை. இவர்கள் நான்கு பேரும் ஒரே வண்டியைத் தள்ளி ஏறி உட்கார்ந்தார்கள்.

ஸேத்ராவைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். போரில் அழிந்த ட்ரெபெவிச் கேபிள் கார் 2018 ஏப்ரல் 6 முதல் மறுபடி ஓடுகிறது. ஊர்க்காரர்கள் அதில் ஏறி மலைக்குப் போய், அந்தக் கான்கிரீட் தடத்துக்குள்ளேயே நடந்து இறங்கி வருகிறார்கள்.