இறங்குதுறை கட்டி முடியும்வரை யாரும் படிக்கக் கூடாதா?

நோர்வேயில் கப்பல் ஆராய்ச்சி செய்யும் எங்கள் பிள்ளை ஒருத்தி, புதிய எரிபொருளில் ஓடும் கப்பல்களையும் ஆளில்லாமல் ஓடும் கப்பல்களையும் பற்றி இங்கே ஒரு மண்டபத்தில் பேசினாள். முன்வரிசையில் இருந்து ஒருவர் அவளை மடக்கியது காணொளியாகச் சுற்றுகிறது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "அண்ணை, பார்த்தீர்களா, நல்ல பகிடி" என்று அந்தக் காணொளியை எனக்கு அனுப்புபவர்களின் தொகை குறைவதாக இல்லை. பார்த்தேன். நீங்கள் கைபேசியில் பார்த்ததை நான் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து நேரிலேயே பார்த்தேன். பகிடி எங்கே இருக்கிறது என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளை பேசிய முக்கால் மணி நேரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. முன்வரிசைப் பெரியவர் எழுந்து, தொண்டையைச் செருமி, "தங்கச்சி, ஆளில்லாத கப்பல் எல்லாம் இருக்கட்டும், முதலில் குறிகட்டுவானில் ஆள் ஏறி இறங்க ஒழுங்கான இறங்குதுறை கட்டுவிக்க முடியுமா?" என்று கேட்டது மட்டும் பதிவாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் படகு ஏறும் இடம்தான் குறிகட்டுவான். மண்டபம் கைதட்டியது. அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள். வேறு என்ன செய்வாள்? ஊருக்கு வந்த இடத்தில், தகப்பன் வயதுள்ள ஒருவர் கேட்கிறார்.

ஐயா, இறங்குதுறை கட்டுவது அவளுடைய வேலையா? அவள் அமைச்சரா, ஒப்பந்தக்காரரா? அதைக் கேட்க வேண்டிய மேடைகளில் நீங்கள் பொன்னாடை போர்த்திக்கொண்டு அல்லவா இருந்தீர்கள்? அங்கே வராத கோபம், நோர்வேயில் கப்பல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பிள்ளையைக் கண்டதும் மட்டும் எப்படி வந்தது?

சரி, கோபத்தை விடுவோம். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கப்பல்களின் எரிபொருளையும் ஓட்டத்தையும் மாற்றும் இந்த ஆராய்ச்சி எங்களுக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு வித்தை அல்ல. அது எங்கள் கடலின் விஷயம். அதைத் தீர்மானிக்கும் மேசையில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். இருக்கிற ஒருவரைக் கைதட்டிச் சிரித்து அனுப்பிவைத்திருக்கிறோம்.

உலக வணிகச் சரக்கில், அளவில் பார்த்தால், பத்தில் எட்டுப் பங்கு கப்பலில் போகிறது. நாங்கள் தின்னும் கோதுமை மாவும் பருப்பும் உட்பட. உலகம் வெளிவிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்று சதவீதம் கப்பல் புகைபோக்கிகளில் இருந்து வருகிறது. 2050ஐ ஒட்டி அதை நிகரக் கணக்கில் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2023 இல் இலக்கு வைத்தது. மெதனோலா, அமோனியாவா, ஐதரசனா, மின்கலமா, இல்லை பழையபடி காற்றா என்று நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். எதுவும் சும்மா கிடைக்காது. அமோனியாவில் காபன் இல்லை, ஆனால் கசிந்தால் ஆளைக் கொல்லும். மெதனோலுக்கு இப்போதுள்ள தாங்கியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இதையெல்லாம் அவள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் தெரியுமா? கப்பலுக்குத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது, ஆகவே வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே வலுவில் கால்வாசிக்கு மேல் மிச்சம் என்று அவள் சொன்னபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த மயிலிட்டி மீனவர் ஒருவர் தலையாட்டினார். எண்ணெய்க் காசு கொடுப்பவருக்கு அது உடனே விளங்கும். முன்வரிசைக்கு விளங்க நியாயமில்லை.

நான் இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. என் உழைக்கும் வயது முழுவதும் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் போனது. அந்தக் காலத்தில் நாங்கள் எரித்த கன எண்ணெய் குளிர்ந்தால் தார். சூடாக்காமல் பம்பினால் இழுக்க முடியாது. அதைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கழற்றிக் கழுவுவது இளையவர்களின் தலையில் விழும். அந்தக் கரி நகக்கண்ணில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது. லீவில் வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கும்போது அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். 2020 வரைக்கும் அந்த எண்ணெயில் மூன்றரை சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்பது சட்டம். பிறகுதான் அரை சதவீதம் ஆக்கினார்கள். அதுவும் ஆராய்ச்சிக்காரர்கள் கத்திக் கத்தி வந்த மாற்றம்தான். அன்றைக்கும் யாரோ ஒரு மண்டபத்தில் கைதட்டிச் சிரித்திருப்பார்கள்.

இன்னொன்று. ஒரு நாள் அதிகாலைக் காவலில், மலாக்கா நீரிணைக்கு வடக்கே, மேல்தளத்தில் இருந்து திடீரென்று இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கட்டளை வந்தது. முழு வேகத்தில் ஓடும் பெரிய இயந்திரத்தை அப்படிச் சட்டென்று நிறுத்துவது லேசான காரியம் அல்ல. அறை முழுவதும் எச்சரிக்கை மணி. பிறகுதான் தெரிந்தது, முன்னால் ஒரு சிறிய மரப்படகு. விளக்கு இல்லை. ரேடாரில் ஒரு புள்ளி கூட விழவில்லை. மேல்தளத்தில் காவலுக்கு நின்ற பிலிப்பைன்ஸ் பொடியன் சிகரெட் நெருப்பு மாதிரி ஒன்று மின்னியதைக் கண்ணால் கண்டு கத்தியிருக்கிறான். அவ்வளவுதான், அந்தப் படகில் இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். நான் கீழே நின்று என் மாமாவை நினைத்துக்கொண்டேன். அவருடைய வள்ளத்திலும் ஒரு அரிக்கன் லாம்பு மட்டும்தான் இருந்தது. அதையும் எண்ணெய் மிச்சம் பிடிக்க அணைத்துவிடுவார்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பொடியனின் இடத்தில் நாளைக்குக் கமராவும் கணினியும் நிற்கப்போகின்றன. எந்தக் கப்பலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கடலைக் கவனிக்க வேண்டும் என்பது 1972 ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதி. கண்ணும் காதும் இல்லாத கப்பலுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று உலகமே விவாதிக்கிறது. அந்தக் கணினி எதைப் பார்த்துப் பழகும்? நோர்வேயின் கடற்கழியையும் ஜப்பானின் விரிகுடாவையும் பார்த்துத்தான், ஏனென்றால் சோதனைகள் அது போன்ற இடங்களில்தான் நடக்கின்றன. சர்வதேசக் கடலில் ஓடும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம்மை அடையாளம் காட்டும் கருவி வைத்திருக்கின்றன. எங்கள் பைபர் படகுகளில் அது ஏது? மீன்பிடிக்கக் கடலில் நட்ட களங்கண்ணிக் கம்பையோ, இரவில் விட்ட வலையின் மிதவையையோ, சோழகக் காற்றில் அலைக்குள் மறைந்து மறைந்து எழும் வள்ளத்தையோ அந்தக் கணினிக்கு யார் காட்டிக் கொடுப்பது? எங்கள் கடலைத் தெரிந்த ஒருவர்தான் காட்ட முடியும். அந்தப் பிள்ளை சொல்ல வந்ததும் அதைத்தான். அந்த இடத்துக்கு வருவதற்குள் இறங்குதுறைக் கேள்வி வந்துவிட்டது.

"இறங்குதுறை உண்மையான பிரச்சினைதானே, அதைக் கேட்டது பிழையா?" என்று சிலர் எழுதுவீர்கள். ஏற்கெனவே எழுதியும் இருக்கிறீர்கள். நயினாதீவுக்குப் போகும் படகின் கீழ்த்தட்டில் நானும் இருந்திருக்கிறேன். இயந்திரச் சூடு காலில் அடிக்கும், டீசல் புகை தொண்டையில் நிற்கும், பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் முந்தானையால் விசிறிக்கொண்டே வருவார்கள். யார் அதை மறுத்தது? ஆனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது யார்?

நோர்வேயில் 2015 இல் 'அம்பேர்' என்ற கார்ப்படகு முழுக்க மின்கலத்தில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர், இருபது நிமிடப் பயணம். குறிகட்டுவானில் இருந்து நயினாதீவு அதைவிடக் கிட்ட. அம்பேர் போய்வரும் கிராமங்களின் மின்கம்பிக்கும் எங்கள் தீவுகளைப் போலவே வலுப் போதாது. என்ன செய்தார்கள்? இரண்டு துறையிலும் மின்கலத் தொகுதி வைத்து, படகு இல்லாத நேரத்தில் மெல்ல மெல்ல நிரப்பி, வந்து நிற்கும் பத்து நிமிடத்தில் படகுக்குள் ஏற்றினார்கள். இங்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நிதியில் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் என்று 2024 இல் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த மின்சாரத்தில் ஒரு படகு ஓடுமா என்று கேட்பதற்கு உங்களுக்கு அந்த மண்டபத்தில் அவளைவிடத் தகுதியான ஆள் இருந்தாரா? துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் 2022 இல் கால்வாயின் குறுக்கே தானாக ஓடும் சிறிய பயணப் படகை மக்களை ஏற்றியே சோதித்தார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த யோசனையின் அருமை தெரியும். ஆகவே ஐயா, அவள் உங்கள் இறங்குதுறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் விளங்கியிருக்கும்.

"பெரிய கப்பல் பாக்கு நீரிணைக்குள் வராது" என்று ஒரு அறிவாளி எழுதியிருந்தார். ஆழம் போதாது, வராது, உண்மை. இலங்கையின் தென்கோடியில் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கால் சுற்றித்தான் போகின்றன. எங்கள் பலநாள் படகுகள் கரையில் இருந்துகொண்டா மீன் பிடிக்கின்றன? 2021 இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் எரிந்தபோது அதுவும் தூரத்தில் எரிந்த யாரோ ஒருவருடைய கப்பல்தான். கழிவு ஒதுங்கியது இந்த நாட்டுக் கரையில்.

வேலை போய்விடும் என்பவர்களுக்கு மட்டும் நான் பகிடியாகப் பதில் சொல்ல மாட்டேன். கப்பல் உழைப்பில் வீடு கட்டியவன் நான், தம்பிமாரைப் படிப்பித்தவன். அந்தப் பயம் நியாயம். ஆனால் 'யாரா பிர்க்கெலாண்ட்' என்ற மின்சாரக் கொள்கலன் கப்பலை ஆளில்லாமல் ஓடும் என்று சொல்லித்தான் கட்டினார்கள். 2022 இல் சேவைக்கு விட்டபோது மாலுமிகளோடுதான் விட்டார்கள். சர்வதேச கடல்சார் அமைப்பு தானாக ஓடுவதை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் படியில் ஆட்கள் கப்பலிலேயே இருப்பார்கள், கணினி உதவி செய்யும். முழுக்கத் தானாக ஓடுவது நான்காவது படி. ஆழ்கடல் கப்பல்கள் அந்தப் படிக்கு வர நிறையக் காலம் எடுக்கும். அதற்கிடையில் கரையில் இருந்து கப்பலைக் கண்காணிக்கும் வேலை, புதிய எரிபொருளைக் கையாளும் வேலை எல்லாம் பிறக்கும். அவை யாருக்குக் கிடைக்கும்? படித்தவனுக்கு. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தால் யாருக்குக் கிடைக்கும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

பணக்கார நாடுகள் புகைவிட்டார்கள், நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. கப்பல் புகைக்கு விலை வைக்கும் திட்டத்தை 2025 ஒக்ரோபரில் அந்த அமைப்பின் லண்டன் கூட்டத்தில் ஓராண்டுக்கு ஒத்திவைத்தார்கள், அதற்குள் எத்தனை அரசியல். விலை வந்தால் மாவில் ஏறும். ஏறும்போது எங்களுக்காகக் கணக்குப் பார்த்துப் பேச ஒரு ஆள் வேண்டுமா, வேண்டாமா? திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன். ஒரு ஆள் வேண்டும்.

உண்மையில் எனக்கு நோவது இறங்குதுறைக் கேள்வி அல்ல. சொல்லிவிடுகிறேன். இதே பிள்ளை இதய சத்திரசிகிச்சைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று பேசியிருந்தால் "முதலில் ஆஸ்பத்திரிக் கழிவறையைத் திருத்துங்கள்" என்று ஒருவராவது எழும்பியிருப்பாரா? மாலை போட்டிருப்பீர்கள். கடல் என்றவுடன்தான் எங்கள் ஆட்களுக்கு இந்த இளக்காரம். டொக்டர், என்ஜினியர், கணக்காளர், அதற்குப் பிறகு வெளிநாடு. கடலுக்குப் போவது படிப்பு ஏறாதவர்களின் தொழில், கடற்கரை ஆட்களின் தொழில். அந்தக் கடைசிச் சொற்களைச் சொல்லும்போது குரல் எப்படி மாறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அந்தக் கரையில் பிறந்தவன். நான் இயந்திரப் பொறியியலாளராக வந்த பிறகும் கல்யாணப் பேச்சில் "கப்பல்காரர்" என்று இழுத்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் ஓகஸ்ட் வந்தால் அன்னபூரணியின் படத்தைப் போட மட்டும் எல்லாருக்கும் தெரியும். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல், எங்கள் மாலுமிகள் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை ஓட்டிப் போனார்கள், நெஞ்சு நிமிர்கிறது. அதே காற்றை நம்பி 2023 இல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பலில் முப்பத்தேழு மீற்றர் உயரப் பாய்ச் சிறகுகளை நிறுத்தினார்கள். அதைத் திரையில் அவள் காட்டியபோது முன்வரிசையில் ஒருவர் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவர்கள் கடலோடினால் வரலாறு, உயிரோடிருக்கிற ஒரு பெண் பிள்ளை கடலைப் படித்தால் பகிடி. காரைநகர்ப் படகுத்தளமும் குருநகர் வலைத் தொழிற்சாலையும் நோர்வே உறவில் வந்தவை என்பது அந்த வரிசையில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்ததோ தெரியாது.

கூட்டம் முடிந்த பிறகு நடந்தது உங்கள் காணொளியில் இல்லை. அந்த மயிலிட்டிக்காரர் அவளிடம் போனார். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியபோது படகைக் கரையில் இழுத்துவிட்டவர்களில் அவரும் ஒருவர். "பிள்ளை, என்னுடைய இயந்திரத்துக்குப் பதிலாகப் பற்றரி வைத்தால் போய்வரலாமா?" என்று கேட்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை. "வெளிக்கடலுக்கு இப்போது முடியாது ஐயா. மண்ணெண்ணெய் தரும் சக்திக்குப் பற்றரி அதைவிடப் பல மடங்கு பாரமாக இருக்கும். களப்புக்குள் கிட்டத் தொழில் செய்பவர்களுக்கு முடியும்" என்றாள். கொப்பியைத் திறந்து படகின் நீளம், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவார், எவ்வளவு எண்ணெய் முடியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அவரும் பொறுமையாகச் சொன்னார். பிறகு அவர் கேட்டார், "களப்புக்காரனிடம் அதுக்குக் காசு ஏது பிள்ளை? யார் கடன் தருவான்?"

அவளிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் முன்வரிசையில் இருந்தவர்கள். அவர்கள் அப்போது தேநீருக்குப் போயிருந்தார்கள், றோல்ஸ் முடிந்துவிடும் அல்லவா.