பலாலியைப் பலாலி என்று சொன்னால் என்ன பிழை?

யாழ்ப்பாண விமான நிலையத்தில் எடுத்து நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "அம்மாவோடு பலாலியில் இறங்கினேன்" என்று எழுதினேன். அவ்வளவுதான். "பழைய பெயரை விடு, யாழ்ப்பாணம் என்று மாற்றி எழுது" என்று ஒருவர் சொல்ல, அதற்குப் பின்னால் இத்தனை பேர்! இரவு நித்திரையே வரவில்லை.

பலாலி பழைய பெயர் இல்லை. அது அந்த விமான நிலையம் இருக்கும் ஊரின் பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை ஓடுபாதை போட்டது அந்த ஊரின் செம்மண்ணில். 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து மதராசுக்குப் போகும் வழியில் இறங்கியதும் அங்கேதான். அப்போது அந்த விமான நிலையத்தைக் காங்கேசன்துறை என்றார்கள். 2019 அக்டோபர் 17இல் சர்வதேச சேவைக்குத் திறந்தபோது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. மண் கொடுத்த ஊரின் பெயரை எழுத மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

"வெளிநாட்டில் இருப்பவனுக்குப் பலாலி தெரியுமா?" என்று கேட்கிறீர்கள். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் எங்கே இறங்குகிறார்? ஹீத்ரோவில். அதுவும் ஒரு சின்னக் குக்கிராமம்தான். 1944இல் அதை இடித்துத்தான் விமான நிலையம் கட்டினார்கள். முதலில் லண்டன் விமான நிலையம் என்றே பெயர். 1966இல் ஹீத்ரோ என்று மாற்றினார்கள். வீடுகள் போய்விட்டன, பெயரை இன்று உலகமே சொல்கிறது. சொல்லச் சொல்லத்தான் ஒரு பெயர் தெரியவரும். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தையே பாருங்கள். முன்னாள் பிரதமர் பண்டாரநாயக்கவின் பெயரை வைத்தார்கள், 1977இல் எடுத்தார்கள், 1995இல் திரும்ப வைத்தார்கள். சனம் இன்றைக்கும் கட்டுநாயக்க என்றுதான் சொல்கிறது.

யாழ்ப்பாணம் என்ற பெயர் இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். அதை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் பலாலியையும் எழுதுங்கள் என்கிறேன். இதற்குப் போய் நான் பிரதேசவாதியாம்.

1990 ஆனியில் சண்டை தொடங்கியபோது அம்மம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியே வந்தார். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று ஆட்டைக்கூட அவிழ்த்துத்தான் விட்டார். அதன் பிறகு எத்தனை வீடு மாறினோம்! எங்கே இருந்தாலும், எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "பலாலி" என்பார். வாடகைக்கு இருந்த ஊரை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் திறப்பு இப்போது அம்மாவிடம் இருக்கிறது. காணி இன்னும் இராணுவத்தின் வேலிக்கு உள்ளேதான்.

"பெயரில் என்ன இருக்கிறது, காணியைக் கேள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கேட்காமலா இருக்கிறோம்? எத்தனை படிவம், எத்தனை வரிசை! காணியும் இல்லை, பெயரும் வேண்டாம் என்றால் அம்மா எந்த ஊர் என்று சொல்வது?

விமானம் தாழும்போது அம்மா யன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கிணற்றைத் தேடினார். பற்றைதான் தெரிந்தது. சக்கரம் நிலத்தில் முட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, பலாலிக்கு வந்திட்டம்" என்றார். அதைத்தான் படத்துக்குக் கீழே எழுதினேன். மாற்ற மாட்டேன்.